நடை பார்க்க வந்த மனிதர்

காதில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பொத்தான் கொடுத்தார்கள். ஜொகூர் பாருவின் பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிக் காட்டுகிற கூட்டம் அது. என் மகள்தான் பேரைப் பதிந்து, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட்டுப் போனாள். வழிகாட்டி ஒரு சீனப் பெண், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவளாம். சட்டைக் காலரில் செருகியிருந்த மைக்கில் அவள் கிசுகிசுத்தால் என் காதுக்குள் வந்து மணியாகக் கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே தெருக்களில் இதே வேலையை நான் செய்த காலத்தில் மைக்கெல்லாம் ஏது? தொண்டைதான். ஜாலான் துருஸ் முனையில் நான் வாயைத் திறந்தால், எதிர்ப்பக்க ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவர் மாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார். ரொட்டி தாமதமானதற்கு வாடிக்கைக்காரர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

செகெட் ஆற்றோரம் வந்து நின்றோம். அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ ஏதோ ஒன்று குறைவது போலவே இருந்தது. சுற்றிப் பார்த்தேன். கட்டடங்கள் இருக்கின்றன, சாயம் கூடப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பிறகுதான் மூக்குக்கு உறைத்தது. நாற்றத்தைக் காணோம்!

நீங்கள் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருந்தால் சிரிப்பீர்கள். செகெட் ஆறு என்று மரியாதைக்குச் சொல்வது. கறுப்பாக, பசையாக, நகரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிடக்கும். மத்தியான வெயிலில் அதன் வாசனை ஜாலான் டோபி வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். "மூக்கைப் பிடிங்க" என்ற ஒரு வாக்கியத்தை நான் நான்கு பாஷையில் கற்று வைத்திருந்தேன். நான் கையைத் தூக்கி "துத்துப் ஹிடோங்!" என்று கத்தினால், கூட்டமே மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கும். வெள்ளைக்காரர்களுக்கு இது எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைப்பு. சிலர் போட்டோ கூட எடுத்தார்கள்.

நான் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதிலும் கடைசி வருஷம் பள்ளிக்கூடத்துக்குள் இருந்ததைவிட வாசலில் முட்டி போட்டதுதான் அதிகம். ஜொகூர் பாருவுக்கு வந்து, சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகிற சுற்றுலாப் பஸ்ஸில் கெலிண்டான் வேலைக்குச் சேர்ந்தேன். கெலிண்டான் என்றால் டிரைவருக்கு எடுபிடி. பெட்டி ஏற்றுவது, கண்ணாடி துடைப்பது, பஸ் பின்னால் வரும்போது "வா, வா, வா" என்று சத்தம் போடுவது. ஒருநாள் அந்தப் பஸ், சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி நம் ஊருக்குள் நுழைந்ததும் கொதித்துப் படுத்துவிட்டது. வெயிலில் பயணிகள் முகம் சிவந்துகொண்டே போனது. சிலர் டிரைவரை நெருங்கினார்கள். அவர் நல்லவர், அவர் அடி வாங்குவதை என்னால் பார்க்க முடியாது. "வாங்க, ஊரைக் காட்டுறேன்" என்று அத்தனை பேரையும் இறக்கி நடத்திக்கொண்டு போனேன். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் கழிப்பறை இருக்கும் திசையைச் சொல்வதற்கு மட்டுமே போதும். மீதியைக் கையும் காலும் சொல்லின. திரும்பி வந்தபோது பஸ் தயாராகிக் காத்திருந்தது, பயணிகள்தான் ஏற மனமில்லாமல் நின்றார்கள்.

இந்த ஊரில் நடைச்சுற்றுலா என்று ஒன்று அப்படித்தான் பிறந்தது. வேறு யாராவது முதலில் தொடங்கியதாகச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன்.

ஒரு தெருவில் மாரியம்மன் கோயில், கூப்பிடு தூரத்தில் சீனர்களின் பழைய கோயில், பக்கத்தில் சீக்கியர்களின் குருத்துவாரா, கடலோரக் குன்றில் பள்ளிவாசல். எல்லாம் காலுக்கு எட்டுகிற தூரம். ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே. ஒரு இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். இன்னொரு இடத்தில் தலையை மூட வேண்டும். முழங்கால் தெரிய எங்கேயும் போகக்கூடாது. வருகிறவர்களோ அரைக்கால் சட்டையில் வருவார்கள். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் கைலிப் பை. ஒரு பெரிய துணிப்பை நிறைய கைலிகள், தலைக்குக் கட்டத் துண்டுகள். வெள்ளைக்காரர் இடுப்பில் கைலி நிற்காது. அது என்ன மாயமோ, இரண்டு எட்டு வைத்ததும் இறங்கிவிடும். ஆகவே கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த பாக்கியம் அக்காவிடம் கொடுத்து எல்லாவற்றுக்கும் நாடா தைத்துக்கொண்டேன். கட்டம் போட்ட கைலியில் நாடா தொங்க நெதர்லாந்துக்காரர் ஒருவர் குருத்துவாராப் படியேறிய அழகை இன்றைக்கு நினைத்தாலும் தனியாகச் சிரிப்பேன்.

பாக்கியம் அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன், இனி நிறுத்த முடியாது. எனக்குப் பெண் பார்த்தவரும் அவர்தான்.

வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்பா அம்மா போய்விட்டார்கள். ஆள் பார்க்க வாட்டசாட்டம், அதை நான் சொல்லக்கூடாது, அந்தக் காலத்துப் படம் சொல்லும். இருந்தாலும் இரண்டு வீடுகளில் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" "நடக்கிறாரு." "நடந்து?" "நடந்து காட்டுறாரு." இதற்குமேல் பேச்சு எப்படி வளரும்? மூன்றாவதாக வந்ததுதான் செல்வராணியின் பேச்சு. தம்போயில் வீடு, மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. கோயிலில் ஒருமுறை பார்த்திருந்தேன். பாக்கியம் அக்கா கடையில் மல்லிகை வாங்கிக்கொண்டே என் கூட்டத்தைப் பார்த்து, நாடா கட்டிய வெள்ளைக்காரரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு வீடு பார்க்கிற எண்ணமே போய்விட்டது. இதுவும் கைநழுவினால் கல்யாணமே வேண்டாம் என்று மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாக்கியம் அக்கா பூ தொடுத்துக்கொண்டே குண்டு போட்டார்.

"பொண்ணுக்கு உன்னையப் புடிச்சிருக்குடா. அப்பா சொன்னா சரியாம். அவரு நாளைக்கு உன் கூட்டத்துல நடக்கப் போறாரு."

"யாருக்கா? எப்படி இருப்பாரு?"

"அது சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். மாப்பிள்ளைக்கே தெரியாம மாப்பிள்ளையப் பாக்கணுமாம்."

"அலமாக்! ஒரு அடையாளமாவது சொல்லுக்கா."

"கவர்மெண்ட்டு உத்தியோகம் பாத்து பென்ஷன் வாங்கிட்டாரு. அவ்வளவுதான், ஓடு. நாளைக்கு அந்தப் பச்சைச் சட்டையப் போடாத, தவளை மாதிரி இருக்க."

இரவு முழுக்கத் தூக்கமில்லை. பச்சைச் சட்டை எனக்கு மிகவும் பிடித்தது.

மறுநாள் கூட்டத்தில் சிங்கப்பூர்ச் சீனர்கள் ஒரு குடும்பம், வெள்ளைக்காரத் தம்பதி, மாமனார் வயசில் இரண்டே இரண்டு தமிழர்கள். ஒருவர் உயரமாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் குடை, தோளில் தண்ணீர்ப் போத்தல். இன்னொருவர் குள்ளமாக, பூப்போட்ட பாத்திக் சட்டை, வந்ததிலிருந்து எல்லோரிடமும் வாயாடிக்கொண்டிருந்தார். கவர்மெண்ட்டு உத்தியோகம் எது என்று கேட்கவா வேண்டும்? பேனாவே சொல்லிவிட்டது. நான் நேராகக் குடைக்காரரிடம் போய் வணக்கம் வைத்தேன். குனிந்த குனிவில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பாத்திக் சட்டைக்காரர் சும்மா வருகிறவர்தானே என்று கைலிப் பையை அவர் தோளில் மாட்டினேன். "அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க, மேட்டுல ஏறணும்."

"என்னா தம்பி இவ்ளோ கனம்? பொணம் கிணம் இருக்கா?"

"கைலிண்ணே."

"சரி லா, கைலின்னா தூக்கலாம்."

புக்கிட் திம்பாலான் மேட்டில் ஏறினோம். மேலே கோபுரம் வைத்த அரசாங்கக் கட்டடம். குடைக்காரர் கூட்டத்தோடு நடக்கவே மாட்டேன் என்றார். கல்லில் வெட்டின எழுத்து கண்ணில் பட்டால் நின்றுவிடுவார், முழுவதையும் வாசித்தால்தான் நகர்வார். எனக்கோ அவரை விட்டுவிட்டுப் போகப் பயம். பத்து எட்டு வைப்பேன், திரும்பிப் பார்ப்பேன். நிற்பேன். கூட்டத்தையும் நிறுத்துவேன். அவர் வரும் வரைக்கும் எதையாவது அவிழ்த்துவிடுவேன். அவர் பக்கத்தில் வந்ததும் என் சொந்தப் பெருமை.

"தம்போய்ல ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கேங்கய்யா. குடிப்பழக்கம் கிடையாது. சிகரெட்டு எப்பவாவது, அதுவும் விட்டுடலாம்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேச்சில் யாழ்ப்பாண வாடை. "தம்பி, நீர் ஏன் இதையெல்லாம் எனக்குச் சொல்லுறீர்? இந்தக் கட்டடத்தின்ர தூணைப் பற்றிச் சொல்லும்."

சிலோன்காரர் எப்படித் தோட்டத்துப் பையனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதிப்பார் என்று அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மறைவாகப் பார்க்க வந்தவர் பேச்சையும் மாற்றித்தானே பேசுவார் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று மெச்சியும் கொண்டேன்.

அந்த நாளின் முக்கியமான இடம் கோயிலோ கோபுரமோ அல்ல, ரொட்டிக்கடை. விறகு அடுப்பில் வாழைப்பழக் கேக் வேகிற பழைய கடை ஒன்று இருந்தது. வாசனை தெருமுனைக்கே வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். நடை முடிகிற நேரத்தில் அங்கே எல்லோருக்கும் கேக்கும் தேநீரும் என் உபயம். இப்போது நீங்கள் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் கூட வாங்க மாட்டார்கள். வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். என் உபயம் என்றால் அது என் வீட்டுச் சாப்பாடுதானே? யார் கை நீட்டவில்லையோ அவர்தான் மாமனார். இதைவிடப் பக்குவமான சோதனை உண்டா? என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

தட்டை நீட்டினேன். சீனக் குடும்பம் எடுத்தது. வெள்ளைக்காரர்கள் எடுத்தார்கள். பாத்திக் சட்டைக்காரர் தட்டு கீழே வருவதற்குள் இரண்டு துண்டு எடுத்துவிட்டு, "சூடு, சூடு" என்று வாய்க்குள்ளேயே உருட்டினார். தேநீரையும் ஒரே இழுப்பு.

குடைக்காரர் கையைக் காட்டினார். "வேண்டாம் தம்பி."

"ஒரு வாய் தேத்தண்ணியாவது?"

"ஒண்டும் வேண்டாம். நான் போத்தல்ல தண்ணி கொண்டு வந்தனான்."

பார்த்தீர்களா! சொந்தத் தண்ணீரோடு வந்திருக்கிறார்! எவ்வளவு முறை தெரிந்த மனிதர்! எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. கை நனைக்கவில்லை என்றால் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நடை முடியப் போகிறது. கோயில் வாசல் ஒன்றுதான் பாக்கி.

கோயில் வாசலில் பாக்கியம் அக்கா பூக்கடையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. குடைக்காரர் குடையை விரித்துவிட்டார். இதை விட்டால் செல்வராணி அப்பா வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று தோன்றியது. பாய்ந்துபோய் அவர் முன்னால் நின்று கைகூப்பினேன்.

"ஐயா, உங்க பொண்ணக் கண் கலங்காம வச்சுப்பேன். நடக்கிறவன்தானேன்னு தள்ளிடாதீங்க."

"எந்தப் பெண்ணை?"

"உங்க பொண்ணுதான்யா. செல்வராணி."

"எனக்கு மூண்டும் பெடியங்கள்" என்றார் அவர். ஒரு எட்டு பின்னால் வைத்து, குடையைக் கொஞ்சம் முன்னால் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏங்கய்யா கேக் சாப்பிடல?"

"எனக்குச் சீனி வருத்தமடா தம்பி!"

பூக்கடைப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பாக்கியம் அக்கா பூக்கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கைலிப் பையைத் தோளில் மாட்டியபடியே பாத்திக் சட்டைக்காரர்.

"மாப்ள, அவர விடுங்க லா, பாவம். பொண்ணு நம்ம வீட்ல இருக்கு."

அவர் தோளிலிருந்த பையைப் பார்த்தேன், அவர் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைப் பார்த்தேன்.

"நீங்க... நீங்க கை நனைச்சிட்டீங்களே!"

"நனைச்சேன். ரெண்டு துண்டு. கேட்டா இன்னொண்ணு கூட நனைப்பேன்."

"அப்ப சம்மதமா?"

"அத அந்த மேட்டுலயே முடிவு பண்ணிட்டேன்."

அவர் பார்த்த கவர்மெண்ட்டு உத்தியோகம் தண்ணீர் மீட்டர் எழுதுவது. பென்ஷன் வாங்குகிறவரைக்கும் வீடு வீடாக நடந்தே பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். "நடக்கிறது ஒரு வேலையான்னு பொண்ணோட அம்மாதான் கேட்டா. என்னையப் பாத்துக்கிட்டே கேக்கிறா பாருங்க! அதான் வந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடக்கத் தெரிஞ்சவன் நெறையப் பேரு இருக்கான் மாப்ள. முன்னால போறவன் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அந்தப் பெரியவரு பின்தங்கி நின்னப்போல்லாம் நீங்க திரும்பித் திரும்பிப் பாத்தீங்க. அவரு வர்ற வரைக்கும் கூட்டத்தையே நிறுத்தி வச்சீங்க. பொண்ணக் குடுக்க எனக்கு அது போதும்."

நான் ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்வேனா? நல்ல பேர் சும்மா கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்தி. கல்யாணத்துக்கு அந்தக் குடைக்காரரும் வந்தார். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மட்டும் ஒதுக்கிவைத்தார்.

கல்யாணம் ஆன அடுத்த ஞாயிறே மாமா வந்து நின்றார், அதே பாத்திக் சட்டையில். "பை எங்க?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கைலிப் பை அவர் தோளில்தான். வெள்ளைக்காரர் இடுப்பில் நாடா கட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. மலாய், ஹொக்கியன் சீனம், கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் கலந்து, "டோன் வரி லா, நோ ஃபால்" என்பார். விழாது.

வருஷங்கள் போகப் போக அவர் பின்தங்க ஆரம்பித்தார். முதலில் மேட்டில் மட்டும். பிறகு சமதரையிலும். முட்டி வலி என்று அவர் சொல்லவில்லை. உட்காருங்கள் மாமா என்று நானும் சொல்லவில்லை, சொன்னால் மறுநாளிலிருந்து வரமாட்டார். நான் கதையை நீட்டினேன். ஒரு ஜன்னல் கதவைப் பற்றி அவ்வளவு பேச முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. ஒரு விளக்குக் கம்பம், கடை வாசல் ஐந்தடிப் பாதையில் பெயர்ந்த ஒரு ஓடு, கூரையில் முளைத்த செடி எல்லாமே நின்று பார்க்கிற இடங்கள் ஆயின. பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் தெருமுனையைப் பார்ப்பேன். பாத்திக் சட்டை தெரிந்ததும் பேச்சை முடிப்பேன். என் சுற்றுலா ஊரிலேயே மிக விரிவானது என்று பேர் வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, இவ்வளவு நுணுக்கம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பெக்கோக்கில் என்றேன்.

இப்போது சம்பந்தம் பேசுகிறவர்கள் ஹோட்டலில் சந்திக்கிறார்கள். முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஏப்பத்தோடு யோசிக்கிறார்கள். கை நனைப்பது என்று சொன்னால் என் மகளே கை கழுவுமிடத்தைக் காட்டுகிறாள். கைலிப் பைக்கும் வேலையில்லை. பள்ளிவாசலிலேயே அங்கி தொங்குகிறது. நாடா தைத்த பாக்கியம் அக்காவும் இல்லை, பூக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

மாமா போய்ச் சேர்ந்தபின், காரியம் முடிந்த கையோடு வந்த ஞாயிறு, வீட்டில் உட்கார முடியாமல் நான் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதே தெருக்கள், அதே கட்டடங்கள். ரொட்டிக்கடையில் போய் நின்றால் தட்டு காலி. அடுப்படியிலிருந்து கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, என்ன இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்? கேக் இன்னும் வேகல."

கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு, அடுப்பை ஊதுவதைச் சாக்காக வைத்து, புகையடிக்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் நடையை விட்டேன். வேன் வாங்கினேன், ஒன்று நாலாயிற்று, ஸ்கூடாயில் சொந்த அலுவலகம், வாசலில் என் பேர் பெரிதாக. ஆறாம் வகுப்பு படித்தவனுக்குக் கீழே பட்டம் வாங்கினவர்கள் வேலை பார்த்தார்கள், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேன் நல்ல வண்டிதான். குளிர்சாதனம் உண்டு, மழை நனைக்காது, எல்லோரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வார்கள். யாரும் பின்தங்குவதில்லை.